கரண்ட் இல்லாத முகாமில் ட்ரெய்லர் பேட்டரி: வண்டியா, ஜெனரேட்டரா, சோலாரா?

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் எந்தக் கேம்ப்கிரவுண்டிலும், காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று உள்ளே தங்கும் ட்ரெய்லருக்குக் கரண்ட் இணைப்பு கிடையாது. ஜோஷுவா ட்ரீயிலும் கிடையாது. வட கலிஃபோர்னியாவில் ரெட்வுட் மரங்களுக்கு அடியில் இடம் கிடைக்கும் ஜெடிடயா ஸ்மித்திலும் கிடையாது. அரிசோனா, நெவாடா, யூட்டா பாலைநிலங்களில் பி.எல்.எம். என்று சொல்லப்படும் மத்திய அரசு நிலங்களில் பெரும்பாலும் 14 நாள் வரை காசில்லாமலே தங்கலாம். அங்கே கரண்ட் மட்டுமல்ல, தண்ணீர்க் குழாயும் இருக்காது. மனதுக்குப் பிடித்த இடங்களில் போய் நிற்க வேண்டுமென்றால், ஹிட்ச்சுக்கு, அதாவது ட்ரெய்லரை வண்டியோடு கோக்கும் இடத்துக்கு, பக்கத்தில் கருப்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் அந்த 12 வோல்ட் பேட்டரியை உயிரோடு வைத்திருக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நடைமுறையில் வழிகள் மூன்று: இழுத்துச் செல்லும் வண்டி, ஜெனரேட்டர், சோலார். எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வாட் சோலார் போடலாம்?" என்பதுதான். என்னைக் கேட்டால் அது மூன்றாவதாக வரவேண்டிய கேள்வி. ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகிறது, பேட்டரி லெட்-ஆசிடா லித்தியமா, இந்த இரண்டையும் முடிவு செய்த பிறகுதான் எதில் பணம் போடுவது என்பதே தெளிவாகும். ஒரு வகைப் பேட்டரிக்குக் கச்சிதமாகப் பொருந்தும் சார்ஜ் முறை, இன்னொரு வகைக்குப் பாதி வீணாகப் போகிறது.

செலவுக் கணக்கு

நான்கு பேர் உள்ள குடும்பம், ஏப்ரல் மாத யோசெமிட்டி பள்ளத்தாக்கு, இரவில் நல்ல குளிர் என்று வைத்துக்கொள்வோம். கேஸில் எரியும் ஹீட்டருக்கும் காற்றைத் தள்ள ஃபேன் வேண்டும். அந்த ஃபேன் ஓடும்போது 7 முதல் 8 ஆம்பியர் இழுக்கும். விட்டுவிட்டு ஓடினாலும் இரவு முழுக்கச் சேர்த்தால் ஐந்து மணி நேரம் ஆகிவிடும். அதற்கு மட்டும் 37 ஆம்பியர்-மணி (ஆம்பியரை ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் வருவது; பேட்டரியின் கொள்ளளவையும் இதில்தான் சொல்வார்கள்). ஃபிரிட்ஜ் கேஸில் ஓடினாலும் அதன் கட்டுப்பாட்டு அட்டைக்கு நாளொன்றுக்கு 12 வரை போகும். எல்.இ.டி. விளக்குகள் 7, தண்ணீர் பம்பு 2 அல்லது 3, போன்களும் டேப்லெட்டும் 10, இருபத்துநாலு மணி நேரமும் விழித்திருக்கும் கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவிக்கு 3, 4. கூட்டினால் 70ஐத் தாண்டுகிறது. கோடையில் ஹீட்டர் இல்லையென்றால் இதில் பாதிதான்.

புதிய ட்ரெய்லர்களில் பெரும்பாலும் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் வருகிறது. கேஸே இல்லாமல் 12 வோல்ட்டிலேயே ஓடும். அப்படியானால் ஃபிரிட்ஜுக்குப் போட்ட அந்த 12ஐ அடித்துவிட்டு 50 அல்லது 60 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுச் சமையலையும் இதில் சேர்க்க வேண்டும். 110 வோல்ட் மிக்ஸியை இன்வெர்ட்டரில் போட்டுச் சட்னி அரைப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். 750 வாட் என்றாலும் மூன்று நிமிட வேலை. 3 அல்லது 4 ஆம்பியர்-மணியில் முடிந்துவிடும். எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் அப்படியல்ல. 1000 வாட்டில் கால் மணி நேரம் சூடேறினாலே இருபதுக்கு மேல் போய்விடும், அதுவும் ஒரு வேளைச் சோற்றுக்கு. விசில் குக்கரை எடுத்துக்கொண்டு போய் கேஸ் அடுப்பில் வைத்தால் பேட்டரிக்குச் செலவே இல்லை.

இப்போது இருப்பைப் பார்ப்போம். கடையிலிருந்து ட்ரெய்லரோடு வரும் லெட்-ஆசிட் பேட்டரி பொதுவாக 75 முதல் 85 ஆம்பியர்-மணி. அதில் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும், எனவே கையில் இருப்பது 40தான். தேவையோ 70. அதனால்தான் விடியற்காலை நாலு, ஐந்து மணிக்குக் குழந்தைகள் குளிரில் எழுந்துவிடுகிறார்கள். ஹீட்டருக்குள் சின்னதாக ஒரு தகரத் தகடு இருக்கிறது. ஃபேன் காற்று அதைத் தள்ளினால்தான் கேஸ் பற்றும். வோல்ட் இறங்கினால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், தகடு நகராது, கேஸ் பற்றாது. ஃபேன் மட்டும் குளிர்ந்த காற்றை ஊதியபடி மிச்சமிருக்கும் கரண்டையும் தின்றுகொண்டிருக்கும். கேஸ் சிலிண்டர் நிறைய இருந்தும் ஹீட்டர் எரியவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது வோல்ட்டைத்தான்.

லெட்-ஆசிடா, லித்தியமா

லெட்-ஆசிட் பேட்டரி காய்ந்த மண் மாதிரி: முதலில் ஊற்றும் தண்ணீரை மடமடவென்று குடிக்கும், ஈரம் ஊறியபின் மேலேயே தேங்கி நிற்கும், சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். பாதியிலிருந்து 80 சதவீதம் வரை வேகமாக ஏறிவிடும். கடைசி 20 சதவீதத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கும், எவ்வளவு பெரிய சார்ஜர் வைத்தாலும் சரி. அந்தக் கடைசிப் பகுதியை நிரப்பாமலே தினமும் விட்டுக்கொண்டிருந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். இரண்டே வருடத்தில் பேட்டரி போய்விட்டது என்று புலம்புகிறவர்களில் பலருடையது முழுதாக நிரம்பாமலே கிடந்து செத்த பேட்டரிதான்.

லித்தியத்தில், அதாவது ட்ரெய்லர்களில் போடும் லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் வகையில், இந்தத் தொல்லை கிடையாது. பாதி சார்ஜில் வாரக்கணக்கில் கிடந்தாலும் கெடாது. ஏறத்தாழ நிரம்பும் வரை கொடுத்த ஆம்பியரை அப்படியே வாங்கிக்கொள்ளும். 100 ஆம்பியர்-மணி என்றால் ஏறக்குறைய அத்தனையும் பயன்படும். எடை 12 கிலோ அளவில்தான். இதே அளவுக்குக் கையில் நிற்க வேண்டுமானால் கால்ஃப் வண்டிகளில் போடும் 6 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைக்க வேண்டும். ஒவ்வொன்றும் 28 கிலோ. சில ஆண்டுகளுக்கு முன் 900 டாலரைத் தொட்ட 100 ஆம்பியர்-மணி லித்தியம் இப்போது 300 டாலருக்குள்ளேயே கிடைக்கிறது. புதிதாக வாங்குகிறவருக்கு லெட்-ஆசிடைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை, ஒன்றைத் தவிர.

அது குளிர். உறைநிலைக்குக் கீழே, அதாவது 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, லித்தியத்தை சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஆகும். நல்ல பேட்டரிகளில் உள்ள பாதுகாப்புச் சுற்று தானாகவே சார்ஜை நிறுத்திவிடும். ஆனால் நிறுத்திவிட்டால் காலை ஒன்பது மணி வெயில் பேனலில் அடித்தும் பயனில்லை. இதற்குத் தீர்வு எளிது: ஹிட்ச்சுப் பக்கத்துப் பெட்டியில் வைக்காமல் ட்ரெய்லருக்குள் கட்டிலுக்கு அடியிலோ சோஃபாவுக்கு அடியிலோ வைப்பது. லித்தியம் வாயு விடாது என்பதால் உள்ளே வைக்கலாம். லெட்-ஆசிடில் தண்ணீர் ஊற்றும் வகையை அப்படி வைக்கவே கூடாது, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும்.

இழுக்கும் வண்டியிலிருந்து

ஓட்டிக்கொண்டு போகும்போதே, வண்டியையும் ட்ரெய்லரையும் இணைக்கும் ஏழு முனை பிளக் வழியாகப் பேட்டரி ஏறிவிடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 கேஜ் தடிமனுள்ள ஒயரில் 1000 அடிக்கு மின்தடை 1.6 ஓம். வண்டியின் முன்பக்கத்திலிருந்து ட்ரெய்லர் பேட்டரி வரை போய்த் திரும்ப 60 அடி என்றால் ஏறக்குறைய 0.1 ஓம். 10 ஆம்பியர் போனாலே 1 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடுகிறது. வண்டி எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தால் பேட்டரிக்கு வந்து சேர்வது 13.2. அதில் லெட்-ஆசிட் எப்படி நிரம்பும்? போதாக்குறைக்கு, இப்போது வரும் வண்டிகள் பெட்ரோல் மிச்சப்படுத்துவதற்காக ஆல்டர்னேட்டர் வோல்ட்டைத் தாங்களே குறைத்துக்கொள்கின்றன. நாலு மணி நேரம் ஓட்டியும் 20 ஆம்பியர்-மணி ஏறினால் பெரிது.

இதைச் சரிசெய்வது டிசி-டிசி சார்ஜர். வந்து சேரும் குறைந்த வோல்ட்டை உயர்த்தி, பேட்டரிக்கு வேண்டிய 14.4ஐக் கொடுக்கும். விக்ட்ரான் கம்பெனியின் ஓரியன் 30 ஆம்பியர் மாடல் பலரும் போடுவது. ஆனால் ஏழு முனைப் பிளக்கின் மெல்லிய ஒயரில் இதை மாட்டினால் ஃபியூஸ் போய்விடும். வண்டி பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த கேபிள் இழுத்து, இரு முனையிலும் ஃபியூஸ் வைத்து, பின்னால் அதிக ஆம்பியரைத் தாங்கும் ஆண்டர்சன் பிளக் போட வேண்டும். ஒரு சனிக்கிழமை முழுக்க வேலை வாங்கும். அதற்குப் பலன் நிச்சயம் உண்டு: மூன்று மணி நேரம் ஓட்டினால் 90 ஆம்பியர்-மணி. லித்தியம் அத்தனையையும் வாங்கிக்கொள்ளும். லெட்-ஆசிட் 80 சதவீதத்துக்கு மேல் திணறும். இந்தச் சார்ஜர் இல்லாமல் லித்தியத்தை நேராக ஆல்டர்னேட்டரில் கோக்காதீர்கள். அது கட்டுப்பாடில்லாமல் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடேற்றிவிடும்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை இடம் மாறுகிறவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு. மழையோ மரநிழலோ இதை ஒன்றும் செய்யாது. ஒரே இடத்தில் ஒரு வாரம் நிற்கிறவருக்கு இதனால் பயனில்லை.

ஜெனரேட்டர்

ஹோண்டா இ.யு.2200ஐ போன்ற இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் 21 கிலோ எடை, தொடர்ச்சியாக 1800 வாட். நாலு லிட்டருக்குள் பெட்ரோலில், கால் பங்குச் சுமையில் எட்டு மணி நேரம் ஓடும். வேலை செய்யுமா என்ற சந்தேகமே வேண்டாம். சங்கடம் நேரத்தில்தான். யோசெமிட்டியில் காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 வரை மட்டுமே ஜெனரேட்டர் ஓட்டலாம். காலை இரண்டு மணி நேரத்தில் லெட்-ஆசிட் 80 சதவீதத்தைத் தொட்டு அதோடு நின்றுவிடும். மீதியை நிரப்ப நாள் முழுக்க ஓட்ட வேண்டும். விதி விடாது, பக்கத்துக் கூடாரத்துக்காரரும் விடமாட்டார்.

இன்னொன்று, ஜெனரேட்டர் 1800 வாட் என்பதற்காகப் பேட்டரிக்கு 1800 வாட் போய்விடாது. 110 வோல்ட்டை 12 வோல்ட் சார்ஜாக மாற்ற ட்ரெய்லருக்குள் இருக்கும் கன்வெர்ட்டர் எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவுதான். ட்ரெய்லரோடு வரும் கன்வெர்ட்டர்கள் பல 13.6 வோல்ட்டிலேயே நின்றுவிடுகின்றன, 14.4க்கு ஏறுவதில்லை. ஜெனரேட்டர் ஓடும்போது பேட்டரி முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பேட்டரி பாதி காலியாக இருக்கும்போதும் 13.6தான் காட்டுகிறது என்றால், பெட்ரோலை எரித்து அதில் சிறு பங்கைத்தான் சேமிக்கிறீர்கள் என்று பொருள். 14.4 கொடுக்கும், லித்தியம் சுவிட்ச் உள்ள 55 அல்லது 60 ஆம்பியர் கன்வெர்ட்டரை மாற்றிப் போட்டால் அதே இரண்டு மணி நேரத்தில் காலியான 100 ஆம்பியர்-மணி லித்தியம் கிட்டத்தட்ட நிரம்பிவிடும். அந்தக் காலை வேளை இரண்டு மணி நேரம் லெட்-ஆசிடுக்குப் பற்றாது, லித்தியத்துக்குத் தாராளம்.

உயரத்தையும் மறக்கக் கூடாது. ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதத்துக்கு மேல் சக்தி குறையும். யோசெமிட்டியிலேயே 8600 அடியில் இருக்கும் டுவாலமி மெடோஸில் கால் பங்குக்கு மேல் போய்விடும். ஏ.சி. ஓட்டவேண்டும் என்கிறவர்களுக்கு நடைமுறையில் ஜெனரேட்டரைத் தவிர வேறு வழியில்லை. அப்புறம், புகைப் பக்கம் யாருடைய ஜன்னலையும் பார்க்காமல், ட்ரெய்லரிலிருந்து தள்ளி வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

சோலார்

சோலாரின் பெரிய பலம் அது கொடுக்கும் ஆம்பியரில் இல்லை, அது நாள் முழுக்கச் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருப்பதில் இருக்கிறது. லெட்-ஆசிடின் கடைசி 20 சதவீதம் கேட்பது இதைத்தான். பழைய பேட்டரியை இப்போதைக்கு மாற்றப்போவதில்லை என்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு சோலாரைத் தேர்வு செய்யலாம், வெயில் உள்ள இடத்துக்குப் போவதாக இருந்தால்.

100 வாட் பேனல் நல்ல கோடை வெயிலில் ஒரு நாளைக்கு 30 ஆம்பியர்-மணிக்குக் கொஞ்சம் முன்பின்னாகத் தரும். குளிர்காலத்தில் கதை வேறு. ஜோஷுவா ட்ரீ 34 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 33 டிகிரிதான் உயரும். கூரையில் படுக்கவைத்த பேனலுக்கு உச்சி நேரத்திலேயே பாதி வெயில்தான் விழும், பகலும் பத்து மணி நேரத்துக்குக் குறைவு. அதே பேனலைத் தரையில் வைத்துத் தெற்கு நோக்கிச் சாய்த்தால் ஏறக்குறைய முழு வெயிலும் கிடைக்கும். அரிசோனாவின் குவார்ட்ஸைட் பக்கம் பி.எல்.எம். நீண்டகாலத் தங்குமிடங்களில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கலாம். அங்கே குளிர்காலம் முழுக்கக் கழிப்பவர்களின் கூரைகளைப் பார்த்தால் பேனல்கள் சாய்ந்து நிற்பது தெரியும்.

நிழல் இன்னும் மோசம். பேனலின் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தால் அந்த மூலை அளவுக்குத்தான் குறையும் என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே செல்கள் தொடராகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று அடைபட்டால் மொத்த ஓட்டமும் பாதிக்குக் கீழே விழலாம். கூரையில் ஏ.சி. பெட்டி, ஆன்டெனா இவற்றின் நிழலும் இதில் சேர்த்தி. ஜெடிடயா ஸ்மித்தில் ரெட்வுட் மரங்களுக்கு அடியில் 400 வாட் இருந்தாலும் ஒன்றும் வராது.

கூரைப் பேனலா, மடக்கிக் கொண்டுபோகும் பேனலா? நான் மடக்குப் பேனலின் பக்கம். வெயிலில் கூரைப் பேனலை நிறுத்தினால் ட்ரெய்லரும் வெந்துபோகும். மடக்குப் பேனல் இருந்தால் ட்ரெய்லரை நிழலில் நிறுத்திவிட்டு 30 அடி ஒயரில் பேனலை வெயிலுக்குக் கொண்டுபோகலாம். தினமும் எடுத்து வைப்பதும், இரண்டு மூன்று தடவை திருப்பிவைப்பதும், நடைப்பயிற்சிக்குப் போகும்போது பூட்டிவிட்டுப் போவதும் வேலைதான். அந்த வேலை ஆகாது என்கிறவர் கூரையில் இரண்டு மடங்கு வாட் போட்டுக்கொள்ளட்டும், அதுவும் சரியான வழிதான்.

வாங்கும்போது இரண்டு விஷயம். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் எம்.பி.பி.டி. என்ற வகையை வாங்குங்கள். 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரும் பேனலிலிருந்து சாதா பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் அந்த 5.5ஐ மட்டும்தான் எடுத்துத் தரும். எம்.பி.பி.டி.யோ மிச்ச வோல்ட்டையும் ஆம்பியராக்கி 7 வரை தரும். அடுத்தது, ட்ரெய்லரின் பக்கவாட்டில் ஸாம்ப் என்று கம்பெனிப் பெயர் எழுதிய சோலார் துளை இருந்தால் ஜாக்கிரதை. அதில் பிளஸ்ஸும் மைனஸும் வழக்கமான எஸ்.ஏ.இ. பிளக்குக்குத் தலைகீழாக இருக்கும். வேறு கம்பெனிப் பேனலை மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரால் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் சில டாலருக்குக் கிடைக்கும் மாற்று அடாப்டரைப் போடுங்கள்.

காற்றாலை வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். முகாம் போடுவதற்கு நாம் காற்றடிக்காத இடமாகப் பார்த்துத்தான் போடுகிறோம், எனவே வேண்டாம். ஜாக்கரி, ஈகோஃப்ளோ மாதிரியான பவர் ஸ்டேஷன்கள், அதாவது பேட்டரியும் இன்வெர்ட்டரும் சேர்ந்த கைப்பெட்டிகள், மிக்ஸிக்கும் லேப்டாப்புக்கும் சௌகரியம். ஆனால் ட்ரெய்லரின் பிளக்கை அதில் சொருகினால், கன்வெர்ட்டர் உடனே ட்ரெய்லர் பேட்டரியை சார்ஜ் செய்யத் தொடங்கி, போகிற வழியில் கணிசமான பங்கைச் சூடாக வீணடிக்கும். சொருகத்தான் வேண்டுமென்றால் கன்வெர்ட்டரின் பிரேக்கரை முதலில் அணைத்துவிடுங்கள்.

யாருக்கு எது

வெள்ளி மாலை போய் ஞாயிறு மதியம் திரும்புகிறவர்கள் சார்ஜ் செய்யும் வழியைத் தேடவே வேண்டியதில்லை என்பது என் கருத்து. இரண்டு குளிர் இரவுக்கு 140 அல்லது 150 ஆம்பியர்-மணி. 200 ஆம்பியர்-மணி லித்தியத்தை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போனால் முடிந்தது. மழை வந்தாலும் கவலை இல்லை, எதையும் தூக்கிச் சுமக்கவும் வேண்டாம்.

பாலைவனத்தில் ஒரு வாரம் நிற்பவருக்கு சோலார், குறைந்தது 300 வாட், குளிர்காலமானால் சாய்க்கும் வசதியோடு. ரெட்வுட் காட்டிலோ ஒரிகன் கடற்கரைப் பனிமூட்டத்திலோ அதே ஒரு வாரம் என்றால் லித்தியமும் சிறிய ஜெனரேட்டரும். ஊர் ஊராகச் சுற்றுகிறவருக்கு லித்தியமும் டிசி-டிசி சார்ஜரும். ஹீட்டர் செலவைக் குறைக்க முடிந்தால் இந்தக் கணக்கு எல்லாமே இறங்கிவிடும். தெர்மோஸ்டாட்டை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்துவிட்டு நல்ல ரஜாய் போர்த்திக்கொண்டு படுத்தால் 37 ஆம்பியர்-மணி என்பது 20க்குக் கீழே வந்துவிடும். ஃபேன் இல்லாத கேஸ் ஹீட்டர்களும் இருக்கின்றன. ஜன்னலைத் திறந்துவைத்து, விழித்திருக்கும்போது மட்டும் என்றால் சரி.

புதிதாக ட்ரெய்லர் வாங்கி, கையில் 500 டாலர்தான் ஒதுக்க முடியும் என்றால், அதில் முதல் 100 அல்லது 130 டாலரை ஷன்ட் வகைப் பேட்டரி மானிட்டருக்குக் கொடுங்கள். சுவரில் இருக்கும் நாலு விளக்குப் பலகை வோல்ட்டை மட்டும் பார்க்கிறது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பாதி காலியான பேட்டரியையும் நிறைந்ததாகவே காட்டும். மானிட்டரோ உள்ளே போவதையும் வெளியே வருவதையும் ஆம்பியர் ஆம்பியராக எண்ணும். மீதிப் பணத்தில் 100 ஆம்பியர்-மணி லித்தியம் ஒன்று, வந்த கன்வெர்ட்டர் 13.6ஐத் தாண்டாவிட்டால் வீட்டில் நிரப்ப ஒரு சின்ன லித்தியம் சார்ஜர். முதல் இரண்டு பயணங்களில் மானிட்டர் காட்டும் எண்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சோலாரை அடுத்த கோடைக்கு வாங்கினாலும் ஒன்றும் கெட்டுவிடாது.